அட்ஜஸ்ட் என்னும் வினைச்சொல்லும் கப்பல் பீரோவும்

'அட்ஜஸ்ட்' என்னும் ஆங்கில வினைச்சொல், அது பிறந்த மொழியில், பெரும்பாலும் ஒரு செயப்படுபொருளை எதிர்பார்க்கும். மூக்குக்கண்ணாடியை அட்ஜஸ்ட் செய்யலாம். கடிகாரத்தை, நாற்காலியின் உயரத்தை, இடுப்புப் பட்டையைச் செய்யலாம். புதிய ஊருக்குப் போகிறவர் தம்மையே அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம். ராயபுரத்தில் இச்சொல் இத்தகைய பொறுப்புகள் எதையும் ஏற்பதில்லை. நிரம்பி வழியும் ஷேர் ஆட்டோவுக்குள் தலையை மட்டும் நுழைத்து ஒருவர் அதைச் சொல்வார். குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்கு வாடகை வாங்க வந்தவர் சொல்வார். சால்னாவில் உப்பு கூடிப்போன நாளில் உணவகக்காரர் சொல்வார். எதை என்று யாரும் கேட்பதில்லை.

சுஃபியான் கேட்பான்.

அவன் பாரிமுனையில் ஒரு பதிப்பகத்தில் ஆங்கிலம்-தமிழ் அகராதியைத் தொகுக்கும் குழுவில் இருந்தான். குழு இன்னும் முதல் எழுத்தைத் தாண்டவில்லை. தாண்டாததற்குக் குழுவினர் ஒருமனதாகக் கூறிய காரணம் சுஃபியான். ஒரு சொல்லுக்குச் சரியான பொருள் கிடைக்கும்வரை அடுத்த சொல்லுக்குப் போவது ஒழுக்கக்கேடு என்பது அவன் எண்ணம். அந்த ஆண்டு அவன் 'அட்ஜஸ்ட்'டில் நின்றுகொண்டிருந்தான்.

வீட்டிலும் அவன் அப்படித்தான். அவனுடைய தாய் ஜன்னத் மகனுக்குப் பெண் தேடத் தொடங்கியபோது இக்குணத்தைப் பெண்வீட்டாரிடமிருந்து மறைக்கப் பெரிதும் பாடுபட்டார்.

"பொண்ணு வூட்டுல போயி எதை, எதுக்கு, ஏன்னு குடையாத நைனா. டீ குடுத்தா குடி. பிஸ்கோத்து குடுத்தா துண்ணு. வாயத் தொறந்தா பேஜாராப் பூடும்."

தண்டையார்பேட்டையில் தாவூது என்பவரின் மகள் மெஹ்னாஸ் அமைந்தாள். திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டின் வாசலில், லாரிகளை வரிசைப்படி உள்ளே அனுப்பும் வேலை அவளுடையது. பெண் பார்த்த பின் ஒருநாள் அவளே சுஃபியானைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும். எங்க வூட்டுல எல்லாரும், போற எடத்துல அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொல்லிகினே இருக்காங்க."

"எதை?" என்றான் சுஃபியான், பழக்கத்தால்.

மறுமுனையில் அவள் ஒரு லாரியை ஓரமாக நிற்கச் சொன்னாள்.

"இத யாரும் இதுவரைக்கும் கேக்கல," என்றாள் அவள். திருமணம் அப்போதே முடிவாகிவிட்டதாக இருவரும் கருதினார்கள். மற்றவர்கள் அதன்பின் செய்தவை ஏற்பாடுகள்.

ஏற்பாடுகளில்தான் பீரோ வந்தது.

தாவூது கப்பல் சாமான் வியாபாரி. உடைக்கப்பட்ட கப்பல்களிலிருந்து கழற்றி வரும் மேசை, கதவு, விளக்கு, சங்கிலி முதலியவற்றை வாங்கி விற்பவர். மகளுக்குச் சீர் வரிசையில் கடைப் பீரோ கொடுப்பதை இழுக்காக நினைத்தார். கடைப் பீரோ தகரம். விரலால் தட்டினால் அழும் என்பார். ஆகவே கப்பல் தகட்டை வெட்டித் தம் பட்டறையிலேயே ஒன்றைச் செய்வித்து, கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில், கப்பல் கதவொன்றிலிருந்து கழற்றிய வட்டமான பித்தளைச் சக்கரத்தைப் பொருத்தினார். பூட்டும் கப்பலுடையது. அதற்கு ஒரே சாவி.

அவர்கள் குடும்பத்தில் சீர் பீரோவுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. துணிமணிகளை வைத்துப் பூட்டியபின் சாவி மணப்பெண்ணின் கையைவிட்டு இறங்கக் கூடாது. பீரோ புகுந்த வீட்டுக்குள் பெண்ணுக்கு முன்னால் நுழைய வேண்டும். அதைப் பெண்ணே திறக்க வேண்டும். மார்க்கம் இதைச் சொல்லவில்லை. தாவூதின் அக்காளுடைய பீரோவை அந்த அக்காளின் மாமியார் முதலில் திறந்துவிட்டதாலும், இரண்டு பட்டுப் புடவைகளைப் பற்றிய பேச்சு இரு தலைமுறைகளுக்கு நீண்டதாலும், தாவூதே இயற்றிய சட்டம் அது.

சுஃபியான் தன் வீட்டுப் படிக்கட்டின் திருப்பத்தை அளந்தான். சக்கரத்தையும் சேர்த்தால் பீரோ ஒன்றரை அங்குலம் கூடுதல் என்று, வரைபடத்துடன், தாவூதுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

"மாஷா அல்லாஹ். அட்ஜஸ்ட் ஆய்டும் மாப்ள," என்று பதில் வந்தது. கூடவே ஒரு ரோஜாப்பூ.

'எது?' என்று சுஃபியான் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தபோது ஜன்னத் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார்.

கடற்காற்றில் வண்ணப்பூச்சு காய மறுத்ததால், நிக்காஹ் நாளன்று காலையில்தான் பீரோ ராயபுரம் வந்தது. துறைமுகச் சுமைத்தொழிலாளி சுப்பராயனும் அவருடைய ஆட்களும் அதைத் தூக்கினார்கள். சுஃபியானின் வீடு இரண்டாம் தளத்தில் இருந்தது. முதல் தளம்வரை பீரோ கௌரவமாக ஏறியது. அதற்கு மேலே உள்ள திருப்பத்தில் பித்தளைச் சக்கரம் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடிக் கம்பிகளுக்கிடையே புகுந்து, கொக்கிபோல் மாட்டிக்கொண்டது. மேலே இழுத்தால் இறுகியது. கீழே இழுத்தால் மேலும் இறுகியது. கடைப் பீரோவாயிருந்தால் எங்காவது நசுங்கி வழிவிட்டிருக்கும். இது கப்பல் தகடு.

"இன்னா பாய், பீரோவா இது? ஆர்பரையே பேத்து எட்துகினு வந்துகீறியா?" என்றார் சுப்பராயன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"தகரம்னு நெனைச்சியா? கப்பல் பிளேட்டு," என்றார் தாவூது, அந்நிலையிலும் பெருமையாக.

"கப்பலு தண்ணில போவும் பாய். படில போவாது."

பீரோவுக்குக் கீழே தாவூதும் சுப்பராயனும் உலகமும் இருந்தனர். மேலே ஜன்னத்தும், மணக்கோலத்தில் சுஃபியானும் இருந்தனர். வாடகைக்கு எடுத்த பாலேட்டு நிற ஷெர்வானி அவனை நேராக நிற்கவைத்தது. பீரோவின் உச்சிக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கையும் ஒரு குரலும் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. நிக்காஹ் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின், அடுத்த தெருப் பள்ளிவாசலில். அதை நடத்தவேண்டிய ஹபீபுல்லா ஹஸ்ரத்துக்கு மாலை அஸர் தொழுகைக்குள் மீஞ்சூரில் மற்றொரு நிக்காஹ். மண்டபத்தில் பிரியாணி தம்மில் இருந்தது. சுஃபியான் கீழே இறங்கியாக வேண்டும்.

சுப்பராயன் சிக்கலை ஆராய்ந்து சொன்னார்: "பூட்டத் தொறந்தா இந்தாண்டக் கதவு ஒரு சாண் நகரும். அந்தச் சந்துல கைய வுட்டு, உள்ளக்கீற நட்டக் கழட்டுனா சக்கரம் வந்துரும். அவ்ளோதான் மேட்டரு. சாவி எங்க பாய்?"

தாவூது வடக்குப் பக்கம் கை காட்டினார். சாவி தண்டையார்பேட்டையில், மணப்பெண்ணின் கையில் இருந்தது. அது அவள் கையைவிட்டு இறங்கக் கூடாது. அவளோ நிக்காஹ் முடியும்முன் மாப்பிள்ளை வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. மாப்பிள்ளையோ பீரோ நகரும்வரை நிக்காஹுக்குப் போக முடியாது.

அடுத்த அரைமணி நேரத்தில் அந்தப் படிக்கட்டில் 'அட்ஜஸ்ட்' என்னும் சொல், அகராதிக் குழு ஓராண்டில் திரட்டிய மேற்கோள்களைவிட அதிகமாகப் பயன்பட்டது.

"சம்பந்தி, சாவிய ஒரு ஆட்டோல குடுத்தனுப்பச் சொல்லுங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க," என்றார் ஜன்னத், மேலிருந்து.

"அது எங்க வழக்கம்மா. நீங்கதான் அட்ஜஸ்ட் பண்ணணும். அந்தக் கைப்பிடிக் கம்பிய அறுத்துரலாமே?"

"அது ஓனரு கம்பி! அட்வான்ஸ்ல கழிச்சிருவாரு. ஒங்க சக்கரத்த அறுங்க."

"சக்கரத்தயா? கேப்டன் ரூம் கதவுச் சக்கரம்மா அது!"

"கேஸ் கட்டரு வச்சா பெயிண்ட்டு பத்திக்கும்," என்றார் சுப்பராயன். "உள்ளக்கீற பொடவ அத்தினியும் கருகிப்பூடும். நீங்க ரெண்டு பேரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கினா நான் கொஞ்சம் கைய எடுப்பேன். முட்டு குட்துகினே நிக்கிறேன் பாரு."

மண்டபத்தில் காத்திருந்த விருந்தினர்களுக்குச் செய்தி எட்டியது. அவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து படிக்கட்டை நிரப்பினார்கள். பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுச் சொல்லும் வக்கீலாக நிற்கவேண்டிய தாய்மாமன் வந்தார், சாட்சிகள் வந்தனர். தொழுகை முடிந்ததும் ஹஸ்ரத்தே வந்துவிட்டார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. பீரோ விடவில்லை.

"தம்பி, மேல நல்லா இருக்கீங்களா?" என்று இடைவெளியை நோக்கி விசாரித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். ஹஸ்ரத், இவங்க எல்லாரும் ஒரு வினைச்சொல்லத் தப்பாப் பயன்படுத்துறாங்க."

ஹபீபுல்லா ஹஸ்ரத் மதரஸாவில் பல்லாண்டு அரபு இலக்கணம் கற்பித்தவர். மாணவர்கள் வினைத்திரிபு வகுப்பில் தூங்குவதைக் கண்டு கண்டு மனம் தளர்ந்திருந்தவர். அவர் முகம் மலர்ந்தது.

"எந்தச் சொல்? அட்ஜஸ்டா? அதுக்கு மூலம் என்ன?"

"இலத்தீன். 'யுக்ஸ்தா'ன்னா பக்கத்துல. அதுலேர்ந்து வந்த வினை, ஒண்ணை இன்னொண்ணுக்குப் பக்கத்துல கொண்டுவர்றதக் குறிச்சுது. பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்துச்சு. நடுவுல படிச்சவங்க சிலபேர், இது நீதியக் குறிக்கிற வேற ஒரு சொல்லுலேர்ந்து வந்ததுன்னு நெனைச்சு, எழுத்தையும் பொருளையும் அந்தப் பக்கம் இழுத்துட்டாங்க."

"சுப்ஹானல்லாஹ். அப்ப நீதிக்கும் அதுக்கும் ரத்த சம்பந்தம் இல்ல?"

"இல்ல. வளர்ப்பு சம்பந்தம்தான்."

"அரபியில நாங்க முதல்ல செய்றவன் யாருன்னு தேடுவோம், அப்புறம் யாருக்குச் செஞ்சான்னு தேடுவோம். இந்தச் சொல்லுல—"

"அஸ்ரத்து!" என்றார் சுப்பராயன், பீரோவுக்குத் தோள் கொடுத்தபடி. "இலத்தீனு அப்பால பேசலாம். என் தோளு பூடும்."

ஹஸ்ரத் வெட்கத்துடன் கடிகாரத்தைப் பார்த்தார். தாமே ஒரு யோசனை சொன்னார்: இங்கேயே, பீரோவுக்கு இப்புறமும் அப்புறமுமாக, நிக்காஹை நடத்திவிடலாமா? இதை எதிர்த்து இரு வீட்டாரும் அன்று முதன்முறையாக ஒன்றுபட்டார்கள். பீரோவுக்கு நிக்காஹ் நடந்ததாக ஊர் சொல்லும் என்றார் ஜன்னத். பத்திரிகையில் பள்ளிவாசல் என்று அச்சடித்திருக்கிறது என்றார் தாவூது.

பிறகு தாவூது, எல்லாருக்கும் பொதுவாக, அந்த வாக்கியத்தைச் சொன்னார்:

"அப்ப ஒண்ணு பண்ணலாம். அடுத்த வெள்ளிக்கெழம வச்சிக்கலாம். பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிப்பா."

"அதுவும் சரிதான்," என்றார் ஜன்னத், களைப்புடன். "இவனும் பண்ணிப்பான்."

சுஃபியான் அதைக் கேட்டான். இம்முறை எதை என்று கேட்கவில்லை. எதை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குள் ஓனர் பேசுவார், பட்டறை பேசும், அக்காளின் பட்டுப் புடவைகள் மீண்டும் பேசப்படும். எல்லாவற்றுக்கும் தண்டையார்பேட்டையில் ஒருத்தி தலையாட்டியாக வேண்டும். அவன் திரும்பி, மொட்டைமாடிக்குப் போகும் படிகளில் ஏறினான்.

தாவூது தம் வாக்கியத்தைத் தொலைபேசியில் மகளிடமும் ஒப்பித்தார். அவள் "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டதாகவும், அவள் பொறுமைசாலி என்றும் கூட்டத்துக்கு அறிவித்தார்.

ராயபுரத்தின் அப்பகுதியில் மொட்டைமாடிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. கைப்பிடிச் சுவரைத் தாண்டத் தெரிந்தவர் தெருவில் இறங்காமலே பள்ளிவாசல்வரை போய்விடலாம். பட்டம் விடுகிற வயதில் எல்லாரும் செய்ததுதான். ஷெர்வானியில் செய்தவர் இல்லை. முதல் சுவரைச் சுஃபியான் முறையாகத் தாண்டினான். இரண்டாவதைத் தாண்டும்போது ஷெர்வானியின் பொத்தான் ஒன்று அவனைவிட்டுப் பிரிந்தது. மூன்றாவது மாடியில் தார்ப்பாய் விரித்து நெத்திலி காயவைத்திருந்தார்கள். தார்ப்பாய்க்கும் சுவருக்குமிடையே நடக்க இடம் இருப்பதாக அவன் கணித்தான். கணிப்பு பிழையற்றதுதான், ஆனால் தார்ப்பாயின் கடைசியில் படுத்திருந்த நாயை அது கணக்கில் கொள்ளவில்லை. நாய் எழுந்து குரைத்தது. சுஃபியான் நெத்திலியின் நடுவே அமர்ந்தான்.

"ஏய், யார்ரா அது கருவாட்டு மேல?" என்று மீன் வியாபாரி மங்கம்மா மாடியறையிலிருந்து வெளியே வந்தார். ஷெர்வானியைக் கண்டதும் குரல் மாறியது. "ஐய, ஜன்னத்து புள்ள! இன்னிக்குத்தானே ஒனக்குக் கல்யாணம்? அத வுட்டுட்டு ஓடியாறியா?"

"கல்யாணத்துக்குத்தான் ஓடுறேன்."

"இப்டிக் கலீஜாவா? சரி, படி அந்தாண்ட கீது. போ போ. பொண்ணு ஓடிறப் போவுது."

பள்ளிவாசலை அடைந்தபோது அங்கே பாங்கு சொல்லும் மோதினாரைத் தவிர யாருமில்லை.

"எல்லாரும் எங்க?" என்றான் சுஃபியான்.

"மாப்பிள்ளை வூட்டுல பீரோ மாட்டிக்கிச்சாம். பாக்கப் போயிட்டாங்க," என்ற மோதினார், அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க மாப்பிள்ளைக்கு இன்னா வேணும்?"

சுஃபியான் விளக்கம் சொல்வதைத் தவிர்த்து மெஹ்னாஸைத் தொலைபேசியில் அழைத்தான்.

"நிக்காஹ் இன்னிக்கே நடக்கும். நான் பள்ளிவாசல்ல இருக்கேன். மாடி வழியா வந்துட்டேன். நீங்க தண்டையார்பேட்டையிலேயே இருங்க, ஒண்ணும் மாத்த வேணாம்."

"நான் எங்க தண்டையார்பேட்டையில கீறேன்?" என்றாள் அவள். பின்னால் சுப்பராயனின் முனகலும் தாவூதின் புலம்பலும் கேட்டன. "ஒங்க வூட்டுப் படியில நிக்கிறேன். சாவி எட்துகினு வந்தேன்."

யார்டில் வழியை அடைத்து நிற்கும் லாரிக்கு யாரும் அடுத்த வெள்ளிக்கிழமையை ஒதுக்குவதில்லை. தந்தை தொலைபேசியை வைத்ததும் மெஹ்னாஸ் பட்டுப் புடவையோடு ஆட்டோ ஏறியிருந்தாள். படிக்கட்டுக் கூட்டம் அவளைக் கண்டு இரண்டாகப் பிளந்தது.

"நிக்காஹுக்கு முன்னாடி இந்த வாசல மிதிக்கலாமாம்மா? கொஞ்சம் அட்—" என்று தொடங்கினார் தாவூது.

"அத்தா," என்றாள் மெஹ்னாஸ். தாவூது வினையை முடிக்கவில்லை.

பூட்டு திறந்தது. கதவு சரியாக ஒரு சாண் விலகியது. அந்தச் சந்தில் சுப்பராயனின் கை முழங்கைக்கு மேல் போகவில்லை. வளையல்களைக் கழற்றித் தாய்மாமனிடம் கொடுத்துவிட்டு, மருதாணிக் கையில் ஸ்பேனரைப் பிடித்து மெஹ்னாஸ் உள்ளே விட்டாள்.

ஹஸ்ரத் கடிகாரத்தைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். வக்கீல் இருந்தார். சாட்சிகள் இருந்தனர். பெண் இருந்தாள். சம்மதத்தை எங்கே கேட்க வேண்டும் என்று மார்க்கக் கிதாபுகள் தெருவின் பெயரைக் குறிப்பிடவில்லை. தாய்மாமனுக்குச் சைகை காட்டினார்.

தாய்மாமன் வளையல்களைக் கையில் ஏந்தியபடி, மாப்பிள்ளை தரும் மஹர் தொகையையும் அவனுடைய பெயரையும் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். மெஹ்னாஸ் தலையசைத்தாள்.

"வாயால சொல்லணும்மா," என்றார் ஹஸ்ரத்.

"சம்மதம். அண்ணே, அந்தச் சக்கரத்தத் தாங்கிப் புடிங்க, நட்டு கழண்டுச்சு."

சாட்சிகள் முதல் சொல்லை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். சக்கரம் சுப்பராயனின் கையில் விழுந்தது. பீரோ பெருமூச்சு விட்டதுபோல் அசைந்து, ஒன்றுமே நடவாததுபோல் மேலே ஏறியது. அதன்பின் மெஹ்னாஸ் ஏறினாள்.

"நம்ம வழக்கம் போச்சே," என்றார் தாவூது.

"எங்க பாய் போச்சி?" என்றார் சுப்பராயன். "பீரோ முன்னாடி போவுது, பொண்ணு பின்னாடி போவுது. நீ சொன்ன ஆர்டரு கரீட்டாக் கீது. மாப்பிள்ளதான் ஆளக்காணும்."

மேலே ஜன்னத் மருமகளைக் கண்டு, அழுவதா வரவேற்பதா என்று தெரியாமல், முதலில் ஒரு தேநீர் கொடுத்தார். மாப்பிள்ளை பள்ளிவாசலில் இருப்பதாக மெஹ்னாஸ் சொன்னதும் ஹஸ்ரத்தும் ஆண்களும் அங்கே ஓடினார்கள். அங்கே பொத்தான் இல்லாத மணமகன், மோதினாரிடம் தான்தான் மணமகன் என்பதை ஏறக்குறைய நிறுவியிருந்தான். ஹஸ்ரத் கேட்டார். அவன் "கபூல்" என்றான், தெளிவான உச்சரிப்புடன். ஹஸ்ரத் துஆவைச் சுருக்காமல் வேகமாக ஓதிவிட்டு மீஞ்சூர் ஆட்டோவில் ஏறினார்.

பிரியாணி முடிந்து, கூட்டம் கலைந்தபின், சுஃபியான் தன் வீட்டுப் படிகளில் ஏறினான். கதவு சாத்தியிருந்தது. தட்டினான்.

"யாரு?" என்றது மெஹ்னாஸின் குரல்.

"நான்தான்."

"கேட்டாண்ட வந்து நிக்கிறவன் எல்லாம் நான்தான்னுதான் சொல்வான். நான்னா யாரு?"

சுஃபியான் சற்று யோசித்தான். "மாப்பிள்ளை," என்றான்.

கதவு திறந்தது. நடைக்கூடத்தில் பாதியைப் பீரோ எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவே அவள் நின்றிருந்தாள். கையில் மருதாணியின்மேல் கிரீஸ்.

"இன்னா இது, கருவாட்டு வாசன?"

"மாடி வழியாப் போனேன்."

"போறேன்னு முன்னாடியே ஒரு போனு பண்ணியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்ல?"

"நீங்க பண்ணியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்."

இரண்டு வாக்கியங்களிலும் பிழை இல்லை. இருவரும் அவற்றைத் தனித்தனியே சரிபார்த்தார்கள். பின் மெஹ்னாஸ் பீரோவோடு ஒட்டி நின்று வழிவிட்டாள்.

"மொதல்ல போயி குளிங்க," என்றாள்.